ஐந்து மூச்சு மௌனம்

பங்குத்தந்தை அவர்களே, சபைத் தலைவர் கொர்ராதோ அவர்களே, என்னோடு பாடுகிற பெரியவர்களே, வணக்கம். நான் நீவெஸ். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். பாடும்போதுகூட என் குரல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. இன்று கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நம் பாட்டுப் புத்தகத்தின் காவலர் எர்சீலியா பந்தூச்சி நம்மை விட்டுப் போய்விட்டார். அறுநூறு ஆண்டுப் பழைய கன்றுத்தோல் ஏடுகளை நாற்பது ஆண்டுகள் புரட்டிய கை அது. தன் இறைச்சிக் கடையைச் சாத்திவிட்டு, எலுமிச்சையால் மூன்று முறை கழுவிய பிறகே தொடுவார். "நான் வெட்டுறதும் கன்னுக்குட்டி, இதுவும் கன்னுக்குட்டி. எங்களுக்குள்ள ஒத்துப்போகும்" என்பார்.

அவருக்கு ஒரே ஏக்கம்தான். மாதா பாட்டின் தொடக்கத்தில் தங்கம் பூசிய படத்தை யாரோ எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். முன்பக்கம் போனது படம். பின்பக்கம் போனது என்ன? அடுத்த பாட்டின் ஒரு வரி இசை! அந்த இடம் வந்தால் நம் சபை ஐந்து மூச்சு நேரம் மௌனமாக நிற்கும். எர்சீலியாவின் உதடுகள் மட்டும் அசையும். நீங்கள் பார்த்ததில்லையா?

சென்ற குளிர்காலத்தில் அந்தப் படம் தொரீனோ நகரில் ஒரு வீட்டில் இருப்பது தெரிந்தது. அவருக்குக் கை நடுங்கியதால் கடிதங்களை நான்தான் எழுதினேன். படம் பலகையில் ஒட்டியிருக்கிறது, நீங்கள் சொன்னால் உரித்துப் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரர் பதில் போட்டார். எர்சீலியா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"வேணாம்னு எழுதுடி."

"இத்தனை வருஷமா இதுக்குத்தானே அத்தை காத்துக்கிட்டிருந்தீங்க?"

"பழைய பசையில ஒட்டின தோலை உரிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தங்கமெல்லாம் உதிர்ந்துடும். மாதா முகத்தைப் பிச்சு நான் பாட்டு கேக்கணுமா? எழுது. பிழையில்லாம எழுது, தொரீனோக்காரன் சிரிப்பான்."

எழுதினேன். நான் கடிதத்தை மடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணினேன். ஐந்து மூச்சு.

அவர் நினைவாக அந்த இடத்தில் புது இசை எழுதிச் சேர்க்கலாம் என்று தலைவர் சொன்னாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஐயா, அது காலி இடமா? கேட்கும் வாய்ப்பு வீட்டு வாசல்வரை வந்தும் அவர் கேட்காமல் விட்ட இடம் அல்லவா?

புத்தகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மாவுக் கையை மூன்று முறை கழுவுவேன்.

இப்போது வரி போன அந்தப் பாட்டைத்தான் பாடப்போகிறோம். அந்த இடம் வரும்போது தயவுசெய்து யாரும் பாடாதீர்கள். என் உதடுகள் அசைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.