முன்வரிசையிலிருந்து துங் பெய்யூன் ஆசிரியைக்கு

மாலை வகுப்பின் விளக்காய், துறைமுகத் தொழிலாளரின் துணையாய், தூய சொல்லின் தோழியாய் இருபத்தாறு ஆண்டுகள் நிங்போவில் ஆங்கிலம் கற்பித்து இன்று ஓய்வுபெறும், எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய துங் பெய்யூன் ஆசிரியை அவர்களே!

நாட்குறிப்பு வைத்திருப்பவள் என்பதால் இம்மடலை எழுதும் பணி என்னிடம் வந்தது. பெரிய சொற்களைப் போட அஞ்சுகிறேன். அதற்குக் காரணமும் தாங்களே.

அக்டோபர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. கரும்பலகையில் பெயரிடாத வரைபடக் கோடு ஒன்றை, அடியில் எட்டு ஆண்டுகளை மட்டும் குறித்து, சரிவாக வரைந்தீர்கள்.

"இந்தக் கோடு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

வரைபடத்தை ஆங்கிலத்தில் விவரிக்கச் சொல்லும் மே மாதத் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் என்று மனப்பாடம் செய்த தடாலடிச் சொற்களையே எடுத்து வீசினோம். பின்வரிசையிலிருந்து கிரேன் ஓட்டும் லூ ஹைபோ கத்தினார்: "கயிறு அறுந்த கன்டெய்னர் மாதிரி விழுந்துடுச்சு டீச்சர்!"

எல்லோரும் சிரித்தோம்.

"எட்டு வருஷமா இறங்குது லூ, விழல. விழறதுக்கும் இறங்குறதுக்கும் வித்தியாசம் கிரேன்காரனுக்கே தெரியலன்னா எப்படி?"

எது குறைந்தாலும் சீனத்தில் 'ஷியாஜியாங்' என்ற ஒரே சொல்லால் இறக்கிவிடும் எங்களுக்கு, ஆங்கிலத்தில் கடல் ஓதம் வடிவதற்கு 'எப்', ஆட்கள் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைவதற்கு 'டுவிண்டில்', நிறமோ ஒலியோ மெல்ல மங்குவதற்கு 'ஃபேட்' என்று அன்று பிரித்துக் காட்டினீர்கள்.

அடுத்த வாரம் தாங்கள் திருத்தித் தந்த என் நோட்டுக்குள் மருத்துவமனைத் தாள் ஒன்று இருந்தது. தங்கள் வலக்காதின் கேட்கும் திறன், எட்டு ஆண்டுகளுக்கு, அதே கோடு. பின்பக்கத்தில் விலகல் கடிதத்தின் வரைவு: மாணவர்கள் சொல்லும் பதில்கள் காதில் விழவில்லை, தேர்வுக்கு முன்பே வேறொருவரை அமர்த்துங்கள் என்று. தாளைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டேன். ஆனால் தாங்கள் இல்லாதபோது வகுப்புத் தோழர்களிடம் சொன்னேன். சொல்லியிருக்கலாமா என்று இன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை லூ முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

"கண்ணு மங்குது டீச்சர், போர்டு தெரியல."

"கண்ணு தெரியாமலா கிரேன் ஓட்டுற? துறைமுகத்துல சொல்லிடாத!"

பின்வரிசை இடத்துக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள். வாரம் ஒரு வரிசையாக முன்னே நகர்ந்தோம். டிசம்பருக்குள் பின்னால் நான்கு வரிசைகள் காலி. கடிதத்தைத் தாங்கள் கொடுக்கவே இல்லை. மே மாதம் பதினான்கு பேரும் தேர்வெழுதினோம்.

காதைப் பற்றிப் போன வாரம் தாங்களே எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் இப்போது ஒப்புக்கொள்கிறோம்: லூவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

நலமும் நிறைவும் நீங்காது நெடுநாள் வாழ்க! இம்மடலை மேடையேறி வாசிக்கவில்லை. தங்கள் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அருகில் அமர்ந்தே வாசிக்கிறோம்.

செவ்வாய், வெள்ளி மாலை வகுப்பினர் பதினான்கு பேர் சார்பில்,
ஃபாங் மின்