மாத்திரையோட பேரு

ஹலோ... அண்ணா, நான்தான், ஆஸ்பத்திரியிலேருந்து... தெரியும், பிரார்த்தனைக் கூட்டம் ஆரம்பிக்கப் போகுது, தெரியும். ஃபோன வெக்காத, வெக்காத! நம்ம தெருமுனை லாரிக்காரர் இருக்காருல்ல... ஆமா, ஆமா, அவரேதான். ஸ்டியரிங் மேலயே சாஞ்சுட்டாரு. எங்க வார்டுலதான் கிடக்கறாரு. உடம்பு அனலாக் கொதிக்குது, நெஞ்சு தறிகெட்டு அடிச்சுக்குது...

வேண்டுதலெல்லாம் அப்புறம் அண்ணா. அவர் சட்டைப் பையில ஒரு பொட்டலம் இருந்துது. உதிரி மாத்திரை. அட்டை இல்ல, பேரு இல்ல. மேல 'ஓட்டறப்ப தூக்கம் வந்தா ஒண்ணு'ன்னு பேனாவால எழுதியிருக்கு... உன் மருந்துக் கடைப் பொட்டலம், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

டாக்டர் பக்கத்துலயே நிக்கறாரு. என்ன மாத்திரைன்னு தெரியாம எந்த ஊசி போடறதுன்னு தவிக்கறாரு... டாக்டர் சீட்டு இல்லாமக் குடுத்தியான்னு நான் கேக்கவே இல்லையே! பேரு... பேரு மட்டும் சொல்லு...

என்னது? இதுல வந்த காசு கூரைக்கா?... பிரார்த்தனைக் கூடத்துக்குக் கூரை போட்டுக் குடுத்துட்டா இது சரியாயிடுமா?... சரி, நீ குடிக்க மாட்ட. சரி, நோன்பு தவற மாட்ட. எல்லாம் சரி! நானும் அத வச்சுத்தானே உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்...

சார், இதோ சார், சொல்லிடுவாரு சார்!

அண்ணா, அழாத. கேளு. அவர் சம்சாரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. என்ன சொல்றா தெரியுமா? 'உங்க அண்ணனை வரச் சொல்லுங்க சிஸ்டர், அவர் தலையில கை வச்சா எழுந்துடுவாரு'ங்கறா. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?...

ஆ... என்ன? சத்தமா... ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு... ஆமா... ஆமா... இன்னொண்ணு வேறயா? ரெண்டையும் கலந்தா குடுத்த? அடப்பாவி!... சார், ரெண்டு மாத்திரை சார்! இந்தாங்க, கையிலயே எழுதியிருக்கேன், பாருங்க!...

தெரியல அண்ணா. டாக்டர் ஓடியிருக்காரு, ஊசி போடப் போறாங்க... பொழைச்சா உண்டு... நீ கிளம்பி வா. அவர் சம்சாரம் எதிர்ல வந்து நின்னு, கண்ண மூடிக்காம, அவ முகத்தப் பாத்துச் சொல்லு... மாட்டேன், நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்...

என்ன அங்க பாட்டுச் சத்தம்? ஆரம்பிச்சுட்டாங்களா?... யாரு, நீயா? அவருக்காகக் கூட்டத்தையே வேண்டிக்கச் சொல்லப் போறியா?... சரி. சொல்லு. யார் கடை மாத்திரைன்னும் சேத்து மைக்குல சொல்லுவியா?...

அண்ணா?

ஹலோ... ஹலோ...