மினிஸ்டரின் மருந்து

பூனைக்கு ஊசி போடுவது மனிதருக்குப் போடுவதைவிட இலகு. தோள்களுக்கு நடுவே தோலை மெல்லத் தூக்கிப் பிடித்து, எழும்புகிற மடிப்புக்குள் ஊசியை விட வேண்டியதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பூனை திரும்பியும் பார்க்காது. மனிதர்கள்தான் பல்லைக் கடிப்பார்கள், கண்ணை மூடுவார்கள், போட்டு முடிந்த பிறகும் போட்டாயிற்றா என்று கேட்பார்கள். உன் உம்மாவும் கேட்பார்.

தேத்தண்ணியைக் குடி, ஷிஹாரா, ஆறுகிறது. இந்த மினிஸ்டர்ப் பூனை உன் மடியில் ஏறினால் தள்ளிவிடாதே. அவன் புதியவர்களிடம் இலேசில் போகிறவன் அல்ல.

நீ டோஹாவிலிருந்து அனுப்பிய இன்சுலின் போத்தல்கள் ஏன் இன்னும் பிரிட்ஜில் கிடக்கின்றன என்று கேட்டாய். ஒன்று திறக்கப்படவே இல்லை. மற்றது கழுத்துவரை அப்படியே இருக்கிறது. கேட்டுவிட்டு நீயே பதிலையும் சொன்னாய். உம்மாவுக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது, வேண்டுமென்றே மருந்தை விட்டுவிட்டார் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்ததை என்னால் தாங்க முடியவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வது உங்கள் மார்க்கத்தில் எத்தனை பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் உனக்கு இல்லாவிட்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். உன் உம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. ஒரு வேளைகூடத் தவறாமல் சட்டையைத் தூக்கி ஊசிக்குக் காட்டியவர் அவர்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். காப்புறுதிக் கம்பனியின் இழப்பீட்டுப் பகுதியில் வேலை பார்த்தவள் நான். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் அழாமல் கதைத்துப் பழகியவள். என் புருஷன் பிரியந்தன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மெஷினை நிற்பாட்டலாமா என்று டொக்டர் கேட்டார். நான் தலையாட்டினேன். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாருவதே எனக்கு அருவருப்பாகிவிட்டது. சீப்பு இழுக்கும்போது தலை அசையும் அல்லவா, அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாட்களில் வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளப் பக்கம் நடக்கப் போவேன். போகிற வழியில் ஒருநாள் இந்த வீட்டு வாசல் கேற்றில் தொங்கிய பலகையைக் கண்டேன். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: இங்கே எந்த உயிரையும் கொல்வதில்லை. கேற்றடியில் ஒரு பிஸ்கட் பெட்டி; பெட்டிக்குள் கண் தெரியாத ஒரு கிழட்டுப் பூனை. கனடா போகிறவர்களும், காணியை விற்றுவிட்டு மாடிவீட்டுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் கொண்டுவந்து வைப்பார்கள். வெட்கமுள்ளவர்கள் பக்கத்தில் ஒரு மீன் டின்னையும் வைத்துவிட்டுப் போவார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ஊரே டீச்சர் என்று கூப்பிடும் உன் உம்மா, என் பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு துணியைத் தந்து, கண்ணைத் துடைத்துவிடச் சொன்னார்.

வாயில் புற்று வந்த கறுப்பிக்கு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மிருக வைத்தியர் இப்திகார் சொன்ன நாளில் நானும் இருந்தேன். "போற நேரம் அல்லாஹ் வெச்ச நேரம் டொக்டர். நாங்க அதுல கை வெக்கிற இல்ல" என்றார் உன் உம்மா. கறுப்பி அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்தாள். அவை நல்ல வாரங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை யாரும் அனுப்பவில்லை, அவளாகத்தான் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒழுங்கான நித்திரை திரும்பி வந்தது. அடுத்த மாதமே மேல்மாடி அறைக்குக் குடிவந்துவிட்டேன்.

மினிஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்ததும் உன் உம்மாதான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாம் தனக்கு முதலில் வேண்டும் என்று நிற்பவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்று கேட்டார். அவனுக்கும் சீனி வருத்தம், அவருக்கும் சீனி வருத்தம். பூனைக்கென்று தனி இன்சுலின் இங்கே கிடைக்காது. மனிதருக்குப் போடுவதையே துளியளவு இழுத்துப் போட வேண்டும். ஆகவே ஒரே தட்டில் இரண்டு ஊசி, காலையும் மாலையும். உன் உம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு இரண்டு ஊசியையும் நிரப்பியது நான். "முதல்ல மினிஸ்டருக்கு, பொறகு மக்களுக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் உண்மையிலேயே நேசித்தேன்.

பிறகு அந்த வருஷம் வந்தது. காஸ் கியூ, பெற்றோல் கியூ, கரண்ட் வெட்டு, பால்மா இல்லை, மருந்து இல்லை. பொரளையிலிருந்து வத்தளை வரை பாமசி பாமசியாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்த ஒரு மாலையில் உன் உம்மா என்னை உட்காரச் சொன்னார். மினிஸ்டர் அவர் மடியில் இருந்தான்.

"சுபோ, மனிசருக்கே மருந்தில்லாம ஈக்கிற நேரம் இது. இவனுக்கு இனி ஊசி வாணாம். மருந்தில்லாம கெடந்து வேதனப்பட விடவும் ஏலா. வெள்ளிக்கிழம இப்திகார் டொக்டர வரச் சொல்லிட்டேன்."

"கேற்றில என்ன எழுதிக் கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, டீச்சர்?"

"எழுதினது நான்தானே. இப்பிடி ஒரு காலம் வரும்னு அப்ப தெரியாதே."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அழுதுகொண்டுதான் சொன்னார். மினிஸ்டரின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆனால் அழுதுகொண்டு தலையாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி ஆட்டியவள்தான்.

வியாழக்கிழமை, டோஹாவிலிருந்து ஊருக்கு வந்த நபீஸிடம் நீ கொடுத்துவிட்ட பிளாஸ்க் வந்து சேர்ந்தது. ஐஸுக்குள் இரண்டு போத்தல். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இனி வெள்ளிக்கிழமைப் பேச்சு இருக்காது என்று நினைத்தேன். உன் உம்மா போத்தல்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்கே ரெண்டு மாசம் வராது சுபோ. டொக்டர் வரட்டும்" என்றார்.

அதில் அவர் சொன்ன கணக்குச் சரி. அவருக்கு இரண்டு மாதம் வராது. ஆனால் அதே இரண்டு போத்தல் மினிஸ்டருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போகும். கிழட்டுப் பூனைக்கு ஒரு வருஷம் என்பது கிட்டத்தட்ட முழு ஆயுள். இருவருக்கும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் இருவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். நீயும் ஒரு கம்பனியில் கணக்குப் பார்ப்பவள். போட்டுப் பார், வேறு விடை வராது.

இப்திகார் டொக்டருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். உன் உம்மாவிடம், அவருக்குப் பெற்றோல் இல்லையாம் என்றேன். அந்த வருஷத்தில் பெற்றோல் இல்லை என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

சிறுநீரகம் பழுதான பூனைகளுக்கு ஏற்றுவதற்காக ஜன்னல் கம்பியில் சேலைன் பை எப்போதும் தொங்கும். அன்று மாலையிலிருந்து உன் உம்மாவின் ஊசியில் அதைத்தான் இழுத்தேன். இன்சுலின் பால் போலக் கலங்கி இருக்கும், சேலைன் தெளிவாக இருக்கும். அந்த வித்தியாசம் தெரிகிற கண் அவருக்கு இருக்கவில்லை. மாலையில் மஃரிப் தொழுது முடித்து வந்து உட்காருவார். பிஸ்மில்லாஹ் சொல்லி வயிற்றைக் காட்டுவார். "போட்டாச்சா சுபோ?" என்று கேட்பார். "ஓம் டீச்சர், போட்டாச்சு" என்பேன். நஞ்சு எதுவும் நான் கொடுக்கவில்லை. எங்கள் பூனைகளை உயிரோடு வைத்திருந்த அதே உப்புத் தண்ணீர்தான்.

முதலில் தாகம் வந்தது. செம்பு செம்பாகக் குடித்தார். நான் கொதித்தாறிய தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பிறகு மெலிந்தார். நீ வட்ஸப்பில் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன உம்மா, இப்பிடி வாடிட்டீங்க" என்று கேட்டாய். "நாடே வாடிக் கெடக்கு மகள், நான் மட்டும் எப்பிடிக் கொழுக்கிற?" என்று அவர் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் என்னிடம், "மருந்து வேல செய்யுற இல்ல போல" என்றார். கரண்ட் போய்ப் போய் வருவதால் பிரிட்ஜில் சூடாகியிருக்கும் என்றேன். நியாயமான விளக்கம் என்பதால் ஏற்றுக்கொண்டார். இரவில் கை பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனதும், காலில் வந்த புண்ணைக் கழுவிக் கட்டியதும் நான்தான். பெற்ற மகள் செய்கிறதைவிடக் குறைவாக நான் எதையும் செய்யவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

போத்தல்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்ற உன் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். உன் உம்மா இன்னும் எழுந்து நடமாடிய நாட்களில், மினிஸ்டர் சோர்ந்து கிடந்தான். கூடையில் வைத்து இப்திகார் டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். சில பூனைகளுக்கு ஒழுங்காக ஊசி போட்டால் இந்த வருத்தம் விலகிவிடுமாம். இனி மருந்தே வேண்டாம், போட்டால்தான் ஆபத்து என்றார். வீதியில் நின்று அவன் தலையில் முத்தமிட்டேன்.

அன்று மாலை தட்டைத் தயார்செய்தபோது, இனி உன் உம்மாவுக்கே அந்த மருந்தைக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போத்தலை வெளியே எடுத்து உள்ளங்கையில் உருட்டியும் பார்த்தேன். ஆனால் வருத்தம் திரும்பி வரவும் கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வந்தால், கையில் மருந்து இல்லாவிட்டால், மறுபடி ஒரு வெள்ளிக்கிழமைப் பேச்சு வரும். ஒருவனை அனுப்பினால் அடுத்தது கண் தெரியாத பூனை, அதற்கடுத்தது கால் இழுக்கிற பூனை. ஆகவே போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, ஜன்னலடிக்குப் போய்ச் சேலைனை இழுத்தேன். அதற்குப் பிறகும் உன் உம்மா பல நாள் பிஸ்மில்லாஹ் சொன்னார்.

மினிஸ்டருக்கு வருத்தம் திரும்பி வரவில்லை. பார், உன் மடியில் எப்படி உறங்குகிறான்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். உன் உம்மா தன் மருந்தைத் தானே விடவில்லை, அவருக்குப் போகாமல் செய்தது நான். அவர் மேல் எந்தப் பாவமும் இல்லை. இந்த ஆறுதலை உனக்குத் தரத்தான் இவ்வளவும் சொன்னேன். வீட்டை என்ன செய்வது என்று நீ முடிவெடுக்கும்போது, கேற்றிலிருக்கிற பலகையை மட்டும் கழற்றிவிடாதே.

இன்னும் ஒன்று. உன் உம்மா நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தாய். இனிப் பிரயோசனமில்லை, மெஷினை நிற்பாட்டலாமா என்று டொக்டர் என்னைக் கேட்டார். நல்ல பிள்ளை, தணிவாகத்தான் கேட்டார். நான் இரண்டு கைகளாலும் என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு முறை கேட்டபோதும் விடவில்லை. உன் உம்மா தன்னுடைய நேரத்தில், தானாகவே போனார். யாரும் அவரை அனுப்பவில்லை.

இந்த முறை நான் தலையாட்டவில்லை, ஷிஹாரா.