வலப்பக்கம் வைத்த டச்பாட்டும் நான் வாங்கிய கைதட்டலும்

பாலன் இன்று எவ்வளவு நேரம் பேசுவானோ என்ற கவலையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் ஐயாத்துரை அவர்களே! இளவேனில் விளையாட்டுக் கழகத்தின் நிருவாகத்தினரே! அறுவடை வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் வைத்ததை அயல்வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்த கணினி திருத்துநர் மஹ்றூப் நானா அவர்களே! நெளுக்குளத்திலிருந்து கமராவோடு வந்திருக்கும் தம்பி லக்ஷன் அவர்களே! மகள் கௌசலாவைப் பேச விட்டு வளர்த்த நேசமலர் அக்கா அவர்களே! வாசலோரம் கடைசிக் கதிரையில், வேண்டுமென்றே கடைசிக் கதிரையில், அமர்ந்திருக்கும் எங்கள் கழகத்தின் கணினி விளையாட்டு வீராங்கனை கௌசலாவே! உங்கள் எல்லோருக்கும் என் தலை குனிந்த வணக்கம்.

தலை குனிந்த வணக்கம் என்றது மேடை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். கிணறு திறந்தாலும் பாலன், கிளை திறந்தாலும் பாலன், கல்யாணமென்றாலும் பாலன், கடைதிறப்பென்றாலும் பாலன். நெடுங்கேணியில் ஒலிவாங்கி எங்கே நட்டாலும் அதன் பின்னால் நான் முளைத்துவிடுவேன். முப்பது ஆண்டுகளாக உங்கள் கைதட்டலைத் தின்று கொழுத்த வாய் இது. தலைவர் இன்று இந்த வாய்க்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்: ‘புதுவிதமான விசைகளும் தொடுதட்டுகளும் இருக்கின்றன என்பதற்காக, விலைகூடிய கேமிங் மடிக்கணினியை வாங்குவது தகுமா?’

தகும், தகும், ஆயிரம் தரம் தகும் என்று, போன ஆண்டு, இதே பொதுநோக்கு மண்டபத்தில், இதே இடத்தில் நின்று இருபத்தைந்து நிமிடம் முழங்கியவன் நான்தான்.

என்ன பெரியவர்? ஓம், ஓம், நீங்களும்தான் கைதட்டினீர்கள். முழு மண்டபமுமே தட்டியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் கௌசலாவுக்கு இப்போது இருபது வயது. நான்கு வயதில் வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். எப்படி இழந்தார் என்று, போர் நடந்த இந்த மண்ணில் நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கழகத்தின் பழைய மடிக்கணினி ஒன்றில், ஊரைக் கட்டி, படையை நிறுத்தி, எதிரியை மடக்கும் அந்த விளையாட்டைப் பழகினார். பழகி, மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். அதைக் கேள்விப்பட்ட எங்கள் ஊர்ப் பிள்ளை மதுசன் கனடாவிலிருந்து கதைத்தார். ‘அவாவுக்கு நல்லதா ஒரு மெசின் எடுங்கோ, காசை நான் பாக்கிறன்’ என்றார்.

எந்த மெசின்? அங்கேதான் ஐயா வந்தது வினை!

மஹ்றூப் நானா சாதாரணமான ஒன்றைச் சொன்னார். விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்துகிறோமே, பிள்ளைகள் டச்பாட் என்கிறார்களே, அந்தச் சதுரத் தட்டு விசைகளுக்குக் கீழே நடுவில் இருக்கும் மெசின். நானோ இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டே இரண்டு! அதற்குள் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. விசைகளுக்கு மேலே இரண்டாவது திரை! விசைக்கு விசை வண்ண வெளிச்சம்! டச்பாட்டோ நடுவில் இல்லை, வலப்பக்க ஓரத்துக்குப் போய்விட்டது! ஒரு தட்டுத் தட்டினால் அதுவே எண்களை அமுக்கும் இலக்கப் பலகையாக மாறிவிடும்! ‘நடுவிலே கிடந்ததை வலத்திலே வைத்தானே, அவனல்லவோ வித்தகன்! வலது கை வீரத்தின் கை, வலது கை வெற்றியின் கை’ என்று நான் அடுக்க, நீங்கள் தட்ட, நான் இன்னும் அடுக்க, நீங்கள் இன்னும் தட்ட...

வேண்டாம், தம்பிமாரே, சிரிக்க வேண்டாம். அந்த வசனத்தை நான் யாரை வைத்துக்கொண்டு பேசினேன் என்று யோசித்துப் பாருங்கள்.

பேச்சு முடிந்தது. ‘எதிர்ப்பு ஏதும் உண்டோ? இருந்தால் கையைத் தூக்குங்கோ’ என்றேன். ஒரே ஒரு கை எழுந்தது. கௌசலாவின் கை. அவரிடம் இருக்கிற கை. இடக்கை.

நான் என்ன சொன்னேன்? உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருந்தும் ஒரு வருடமாக என்னிடம் கேட்காமல் விட்டது உங்கள் பெருந்தன்மை. கேட்காததை நன்மையென்று வைத்துக்கொண்டது என் சிறுமை. இந்த ஒலிவாங்கியில், முழு மண்டபமும் கேட்க, நான் சொன்னேன்:

‘வலக்கையைத் தூக்கும் பிள்ளை. சபையில இடக்கை தூக்கிறேல்லை.’

தெரியாதவனா நான்? அந்தப் பிள்ளையைக் குழந்தையிலிருந்து கண்டவன். ஆனால் சிறுபோகக் கூட்டத்தில், தண்ணீர் திறக்கிற கூட்டத்தில், எத்தனை வருடம் இதே வசனத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! வாய் பழக்கத்தில் ஓடியது, கண் பின்னால் வந்தது. சொன்ன உடனே கண்டுகொண்டேன். கௌசலா கையை இறக்கினார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கி, நடந்து போய், ‘மன்னியும் பிள்ளை, என்ன சொல்ல வந்தனீர்?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? இல்லை. ‘எதிர்ப்பு இல்லை, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்று சத்தத்தைக் கூட்டினேன். வெட்கத்தை மறைக்கச் சத்தம் போட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

மெசின் வந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து, அவரிடம் கொடுத்தோம். பழையதை நானே முன்னின்று வாங்கி முன்பள்ளிக்குக் கொடுத்தேன். படம்கூட எடுத்தோம்.

போன மாதம் வவுனியாவில் மாகாணப் போட்டி. அவரவர் மெசினில் அவரவர் விளையாட வேண்டும். அறிவிப்பாளர் யார்? வேறு யார், நான்தான். கௌசலா முதல் சுற்றிலேயே, ஆறாவது நிமிடத்தில், தோற்றுப்போனார். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை! நான் என்ன அறிவித்தேன் தெரியுமா? ‘கருவியோ உயர்தரம், பயிற்சிதான் போதவில்லை’ என்று அறிவித்தேன். ஐந்நூறு பேர் கேட்டார்கள். நேசமலர் அக்கா கேட்டார். கௌசலாவும் கேட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் மஹ்றூப் நானா என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். தேநீர் தந்தார். அதே மாதிரி மெசின் ஒன்றை மேசையில் விரித்து வைத்தார்.

‘பாலன் அண்ணன், வலக்கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு இதில ஒருக்கா விளையாடிப் பாருங்கோ’ என்றார்.

விளையாடினேன். இடக்கையால் விசையைப் பிடித்தால் டச்பாட் எட்டவில்லை. டச்பாட்டைப் பிடித்தால் விசை எட்டவில்லை. இங்கும் அங்கும் கை பாய்ந்து பாய்ந்து, என் படை நின்ற இடத்திலேயே அழிந்தது. மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிறகு மஹ்றூப் நானா பழைய மாதிரி மெசின் ஒன்றை எடுத்து வைத்தார். ‘இதில பெருவிரல் நடுவில டச்பாட்டில இருக்கும், மற்ற நாலு விரலும் விசையில இருக்கும். அந்தப் பிள்ளை விளையாடினது இப்பிடித்தான். சும்மா மௌசைக் குடுத்தாலும் சரிவராது, மௌசைப் பிடிச்சா விசைக்குக் கை இல்லை’ என்றார்.

‘மஹ்றூப் நானா, இதை நீங்கள் ஏன் முதலே சொல்லேல்லை?’ என்று கேட்டேன்.

‘சொல்ல வந்த ஆளைத்தான் நீங்கள் கையை இறக்க வச்சிட்டீங்களே’ என்றார்.

சபையோரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலப்பக்க ஓரத்தில் டச்பாட்டை வைத்த அந்த மெசின் அவரிடம் என்ன சொன்னது? ‘வலக்கையைக் கொண்டு வா’ என்றது. நான் என்ன சொன்னேன்? அதையேதான் சொன்னேன். நான் ஒரு தடவை சொன்னேன். அது ஒரு வருடம் முழுக்க, அவர் திறக்கிற ஒவ்வொரு நாளும் சொன்னது. அதை வாங்கி, மாலை போட்டு, அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். நேசமலர் அக்கா கதிரை போட்டார். கௌசலா எழும்பவில்லை. சரிதான். நான் என்னென்னவோ வசனம் ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். தொடங்கவே விடவில்லை.

‘மாமா, மெசின் நல்ல மெசின். உங்களுக்கு நல்லாப் பிடிச்சிருந்தது. எனக்குச் சரிவருமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை’ என்றார்.

‘மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை’ என்றேன்.

‘இங்க வந்து கேக்காதேங்கோ. அண்டைக்கு மைக்கிலதானே சொன்னீங்கள், மைக்கிலயே கேளுங்கோ. பயிற்சி காணாது எண்டதையும் மைக்கிலதான் சொன்னீங்கள்.’

ஆகவே கேட்கிறேன். நெடுங்கேணி கேட்க, வவுனியாவிலிருந்து வந்தவர்கள் கேட்க, லக்ஷனின் கமரா கேட்கக் கேட்கிறேன். கௌசலா, அன்று உம்மைக் கையை இறக்க வைத்தது என் பிழை. உம்மைக் கேளாமல் உமக்கு மெசின் தெரிவு செய்தது என் பிழை. தோற்றது உம்முடைய பயிற்சியால் என்று அறிவித்தது பிழை மட்டுமல்ல, பொய். மன்னியும்.

தயவு செய்து கைதட்ட வேண்டாம். இதற்கும் தட்டினால் நான் மறுபடியும் கெட்டுப்போவேன்.

இனித் தலைப்புக்கு வருகிறேன், தலைவர் மணிக்கூட்டைத் தட்டுகிறார். புதுமை தகாதா? ஏன் தகாது! தம்பி லக்ஷன் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர். மேலே இரண்டாவது திரை அவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும், வலப்பக்கத்து டச்பாட் அவர் கைக்கு வாகாக இருக்கும். அவருக்கு அந்த விலை தகும். கௌசலாவுக்கு அது விலையில்லாமல் கிடைத்தும் தகவில்லை. விசை மின்னுகிறதா என்று பார்த்தேன், திரை இரண்டா என்று பார்த்தேன், அதைத் தொடப்போகிற கை எந்தக் கை என்று பார்த்தேனா? புதுமை யாருக்கு? வசதி யாருக்கு? கைதட்டல் யாருக்கு? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் அன்று என்னிடம் விடை இருந்தது.

நிருவாகத்தின் சார்பில் ஒரு பிரேரணை. அந்த மெசினை லக்ஷன் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக, டச்பாட் நடுவில் உள்ள சாதாரண மடிக்கணினிகள் இரண்டைக் கழகத்துக்குத் தருகிறார். மதுசனும் சம்மதித்துவிட்டார். ஒன்று கௌசலாவுக்கு, மற்றது பழக விரும்பும் பிள்ளைகளுக்கு. எனக்கு இது மிக நல்ல யோசனையாகப் படுகிறது. அதனாலேயே பயமாகவும் இருக்கிறது. போன வருடமும் எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

எனவே அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன். எதிர்ப்பு உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள். எந்தக் கையானாலும் கை.

...வாசல் பக்கம் ஒரு கை. ஓம், காண்கிறேன். கௌசலா, கேள்வியோ, எதிர்ப்போ?

எதிர்ப்பா? நல்லது. மிக நல்லது. என்ன எதிர்ப்பென்று எனக்குத் தெரியாது. ஐயாத்துரை அண்ணை, ஒலிவாங்கியின் வயரைக் கொஞ்சம் இளக்கி விடுங்கோ, அவா இருக்கிற இடத்துக்குப் போகட்டும். பிள்ளை இங்கே நடந்து வரத் தேவையில்லை.

பொறுமையாக இருந்து என் வெட்கத்தைக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும். பேசும் பிள்ளை. நான் இருந்து கேட்கிறேன்.