வெள்ளிக்கிழமை இறைச்சிப் பாண்

— சத்தியமாச் சொல்லு கொரட்டி, இறைச்சிக்கு உப்புப் போட்டியா இல்லியா?

— என்னைக் கேட்டா? பாண் சுடுறது நானு, இறைச்சி வறுக்கிறது நீங்க. இருவத்திரெண்டு வருசமா இதுதானே நம்ம கடை வழக்கம், ஜுனைதீன் நானா? உங்க சட்டியில நான் எப்பக் கை வச்சிருக்கேன்?

— இண்டைக்கு வச்ச தானே! ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிட்டாங்கண்டு அடுப்புல இறைச்சிய விட்டுட்டு பள்ளிக்கு ஓடினன். பாத்துக்கோண்டு ஒன்னட்டச் சொல்லிட்டுத் தானே போனன்?

— பாத்துக்கிட்டேன். கிண்டி விட்டேன். வெங்காயம் செவந்ததும் மாசிக் கருவாட்டுத் தூளப் போட்டேன். ஆறினப்புறம் பன்னெண்டு பாண வகுந்து உள்ள வச்சு, தட்டுல அடுக்கி வச்சிருக்கேன். பாத்துக்கோன்னா உப்பப் போடுன்னு அர்த்தமா?

— அப்ப நான்தான் மொளகாத்தூள் பெரட்டின நேரம் போட்டிருப்பன்.

— போட்டீங்களா?

— போட்டிருப்பன். கைப்பழக்கம் ஈக்குதானே. ஓடின அவசரத்துல ஒண்டும் ஞாவகமில்ல, யா அல்லாஹ்.

— எனக்கும் இப்பச் சந்தேகமா இருக்கு நானா. உப்புச் சாடி மூடி தொறந்து கெடக்கு. நான் தொறந்தேனா, நீங்க தொறந்தீங்களா? போட்டும் இருப்பேன் போல.

— அப்ப ரெண்டு பேரும் போட்டாச்சா?

— இல்ல, ரெண்டு பேருமே போடலயா? மாதாவே! இப்ப ஒரு சிட்டிகை போடலாம்னாலும் பயமா இருக்கே.

— கொஞ்சம் மெதுவாப் பேசு. வெளிய பெஞ்சில யாரோ ஈக்கிற மாதிரித் தெரியுது.

— கண்டி அச்சாபீஸ்காரரு. நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரே, யேசுரத்தினம் ஐயா, அவருதான். வந்து அரை மணி நேரமாச்சு.

— அறிவு கெட்டவளே, மனுசன வெளிய காக்க வச்சிட்டா சண்டை புடிச்சிக்கிட்டு ஈக்க? ஐயா! உள்ள வாங்க ஐயா. இந்த மேசையில குந்துங்க. தட்டு முன்னாலதான் ஈக்கு, கோவிக்கக் கூடாது, இன்னம் தொட வேணாம். ஒரு சின்ன வேலை பாக்கி.

— அவசரமில்லைங்க. ரெயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு.

— ஐயா எழுதப்போற புத்தகத்தப் பத்தி இவளுக்கும் ஒருக்காச் சொல்லுங்க. நான் சொன்னா நம்புறாளில்ல.

— ரெயில் பதுளை வரைக்கும் வந்து ரெண்டு மாசமாகுதில்லைங்களா? வர்றவங்க ஊவாவுல எங்க எறங்கி, எந்தக் கடையில என்ன வாங்கிச் சாப்பிடலாம்னு ஒரு சின்னப் புத்தகம். எல்லாம் பாணுக்குள்ள கறி வச்சுக் குடுக்கிற கடைங்கதான். கையில வச்சுக்கிட்டே ரெயில்ல ஏறிடலாம் பாருங்க. இன்னைக்கு ராத்திரி கண்டி போய்ச் சேந்ததும் அச்சுக்குக் குடுத்துடணும்.

— எந்தெந்தக் கடை பாத்தீங்க? மறைக்காமச் சொல்லுங்க.

— நமுனுகுல அடிவாரத்துல பெரியாயின்னு ஒரு அம்மா, தோட்டத்து லயத்து ஓரமா ஒரு சின்னக் கொட்டாய்ல கருவாட்டுச் சம்பல் வச்சுக் குடுக்கிறாங்க. கண்ணுல தண்ணி வந்திடுச்சு, எழுதிக்கிட்டேன். பண்டாரவளையில ஸவாஹிராம்மா. ஆளு வெளிய தெரியாது, சன்னல் வழியா ஒரு கை மட்டும் வரும், கையில கோழி வச்ச பாண் இருக்கும். அதையும் எழுதிக்கிட்டேன். அப்புத்தளையில புஹாரி. முட்டைய நசுக்கி, மிளகு தட்டிப் போட்டு, அந்தக் குளிருக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அவருக்கு அரைப் பக்கம்.

— அரைப் பக்கமா! கொரட்டி, கேட்டியா? புஹாரிக்கு அரைப் பக்கம்! என்ட கடையில மூணு வருசம் வெங்காயம் உரிச்சவன் ஐயா அவன்!

— அவரு உரிச்சாருன்னா கண்ணுல தண்ணி வந்தது வெங்காயத்துக்குத்தான், தோலு அப்படியே இருக்கும்.

— இந்தப் பதுளையில ஒரு கடை ஈக்கு ஐயா. தோட்டத்துத் தொரை குதிரைய நிப்பாட்டி வாங்கிட்டுப் போற கடை. பெரிய கங்காணிமார் மக கலியாணத்துக்கு கூடையில கொண்டு போற கடை. ரெயில் நிக்கிற கடைசி ஊருதான் பதுளை. அதுக்கங்கால தண்டவாளமே இல்ல. கடைசி ஊரு எண்டா தலை ஊரு எண்டு அர்த்தம்!

— அப்ப ஒண்ணு எடுத்துப் பாக்கலாமுங்களா?

— பொறுங்க, பொறுங்க! கொரட்டி, இஞ்ச வா. இந்தப் பக்கம் வா. என்ன செய்ற இப்ப?

— என்ன செய்ய? வெள்ளிக்கிழமையில நாம மீன் பாண்தானே விக்கிறது. இவரு வேற சபைக்காரரு, இறைச்சி கேட்டாருன்னு சட்டிய வச்சீங்க. நீங்க நோன்பு. நானு தபசுகாலத்து வெள்ளி, சுத்தபோசனம், இறைச்சி நாக்குல படக் கூடாது. உங்க நோன்பும் எங்க தபசும் ஒண்ணா வந்து விழுந்த வருசம் பாத்து இவருக்குப் புத்தகம் போடணுமா?

— ருசி பாக்க வேற ஆளா இல்ல இந்த பஜார்ல?

— யாரு? எதித்த கடைக்காரரு மாட்டிறைச்சின்னா மூக்கப் பொத்துவாரு. ஸ்டேசன் போட்டர் கல்லக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்.

— அதச் சொல்லு. கண்டவன் நாக்க நம்பி நான் விக்கிறதில்ல. இந்தக் கடையில ரெண்டே நாக்குத்தான். என்னது ஒண்டு, ஒன்னது ஒண்டு.

— நாக்கு நுனியில வச்சுத் துப்பிடலாம், நோன்பு முறியாதுன்னு உங்க லெப்பை சொன்னதா நீங்கதானே ஒருக்காச் சொன்னீங்க? வச்சுப் பாருங்களேன்.

— என்னட்ட ஏலாது.

— ஏன் ஏலாது?

— என்ட இறைச்சிய நாக்குல வச்சிட்டுத் துப்பச் சொல்றியா? இருவத்திரெண்டு வருசத்துல ஒருத்தன் துப்பல கொரட்டி, மொதல் ஆளா நான் துப்பவா? வல்லாஹி, முழுங்கிப்போடுவன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்.

— பெருமையப் பாரு பெருமைய! பசியில வயிறு ஒட்டிக் கெடக்கு, வாய் மட்டும் கொறையல.

— குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?

— அந்தா கூசாவுல இருக்குங்க ஐயா, நீங்களே எடுத்துக்குங்க. நோம்பாளி முன்னால குடிக்கிறமேன்னு கூச்சப்படாதீங்க, நானா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நானா, இங்க பாருங்க. நானே பாத்திடறேன். ஒரு துணுக்குத்தானே. ஞாயித்துக்கிழமை சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுவேன்.

— கைய எடு. எடு எண்டு சொல்றன்! ஒன்ட வெரதத்தக் கெடுத்து என்ட கடைக்கு ஒரு பேர் வேணாம்.

— உங்க கடையா? பாண் யாரோடது?

— சரி, நம்மட கடை. அதுக்காகவும் வேணாம். போன வருச மழைக்கு பாண் சுடுற போறணை இடிஞ்சி விழுந்த நேரம், நீ சாம்பல்ல குந்திக்கிட்டு அழுதியே, அப்பக்கூட வெள்ளிக்கிழமை எண்டு ஒரு துண்டு இறைச்சி தொடல. அதெல்லாம் நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்தன்.

— அந்தப் போறணைக்கு நோம்பு நேரத்துல வெயில்ல மண்ணு கொழைச்சு அப்பினது நீங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. அதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அப்ப ஒரு வழிதான் ஈக்கு. நான் நோன்ப முறிக்கிறன். பொறகு ஒண்டுக்கு ஒண்டு புடிச்சிருவன்.

— நானா! அந்தப் பாணத் தொட்டீங்கன்னா, மாதா மேல சத்தியமா, இந்தப் போறணையில இனி நெருப்பு வைக்க மாட்டேன். காரணமில்லாம முறிச்ச நோம்ப ஆயுசு பூரா பிடிச்சாலும் ஈடாகாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். புஹாரிக்கு அரைப் பக்கம் கெடைச்சதுக்காகவா முறிக்கப் போறீங்க?

— அரைப் பக்கமில்லடி! நாளைக்கு இந்த ரெயில்ல ஆயிரம் பேர் வருவான். பொஸ்தகத்தப் பாத்துட்டு எல்லாரும் அப்புத்தளையிலயே எறங்கித் தின்னுட்டு, பதுளைக்கு கைய வீசிக்கிட்டு வருவான். ஊவாவுலயே ஒசத்தியான சாமான் இஞ்ச ஈக்கு, ஒருத்தனுக்கும் தெரியாமப் போகும். எனக்கு வயிறு எரியுது கொரட்டி. பசியில இல்ல.

— எனக்கு மட்டும் எரியலயா?

— நோன்பு தொறக்க, மஃரிபுக்கு இன்னம் எவ்வளவு நேரம்?

— ரெயில் போனதுக்கப்புறந்தான் உங்க மஃரிபு.

— நேரா அவருட்டயே, நீங்களே உப்புப் பாருங்க எண்டு குடுத்தா?

— தீர்ப்புச் சொல்ல வந்தவர்கிட்டப் போயி, எங்க பண்டத்த எங்களுக்கே தெரியல, நீங்களே பாருங்கன்னு கேக்கிறதா? எனக்கு வாய் வராது.

— எனக்கும் வராது. சரி. முடிஞ்சிது. தெரியாத சாமான ஜுனைதீன் ஒருத்தன் கையில குடுக்க மாட்டான். ஐயா, ஒங்களக் காக்க வச்சிட்டன், மன்னிச்சிக்கோங்க. இண்டைக்கு எங்கட கடையில இறைச்சிப் பாண் இல்ல. பதுளைய எழுதாமப் போங்க.

— இருங்க, எழுதாமப் போக வேணாம். பதுளையில ஒரு கடை இருந்துச்சு, தான் நாக்குல வச்சுப் பாக்காதத விக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னு அத எழுதச் சொல்லுங்க. அதுவும் பெருமைதான்.

— அழாத கொரட்டி. தட்டத் தூக்கிட்டு உள்ள போ.

— தூக்கிட்டேன். நானா, நான் பன்னெண்டு அடுக்கினேன். இதுல ஒம்பதுதான் இருக்கு.

— மன்னிச்சுக்குங்கம்மா, நான்தான். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினதும் ஒண்ண எடுத்தேன், கை நிக்கல. அப்புத்தளையில உப்பு, மிளகு எல்லாம் கணக்கா இருந்துச்சு, ஒண்ணோட எந்திரிச்சிட்டேன். இதுல உப்பே போடலைங்க, மூணாவதும் தீந்தப்புறந்தான் எனக்கே தெரியுது.