மேடையே பிளாட்பாரம்

பழைய கட்டடங்களை இடிப்பது எனக்குப் பிடிக்காது. போர் முடிந்து விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மலாயாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் குண்டு விழுந்து ரயில் நிலையம் போன பிறகு, தண்டவாளத்தை ஒட்டியிருந்த பொது மண்டபத்தை இடித்துவிட்டுப் புது நிலையம் கட்டப்போவதாக ஜப்பானிய அதிகாரி சொன்னார். ஐம்பது வருடமாகத் தோட்டத்து ஜனங்கள் நாடகம் பார்த்த மண்டபம். இடிக்க வேண்டாம், அதையே நிலையமாக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு. மேடையின் பின்சுவரை மட்டும் எடுத்தோம். மேடையும் சரக்கு ரயில் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். திரையை நான் கழற்றவிடவில்லை.

நிலையம் என்றால் பயணிகள் வேண்டும் அல்லவா? சயாமில் ரயில் பாதை போட நூற்றிருபது பேர் வேண்டுமென்று ஜப்பானியர்கள் கேட்டார்கள். திறப்பு விழாவில் நாடகம் உண்டு, பெயர் வாசிக்கப்படுபவர்களுக்கு ஒரு படி அரிசியும் உண்டு என்று கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்குச் சொல்லியனுப்பினேன். மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்குச் செத்த ஜனங்கள், துவைத்த வேட்டி கட்டி வந்து முன்வரிசைக்குச் சண்டை போட்டார்கள்.

திரை விலகியது. பின்னால் ரயில் நின்றது. கைதட்டினார்கள்.

"மச்சான், நெசமான ரயிலையே கொண்டாந்துட்டானுங்க."

"செலவு பண்ணித்தான் போடுறானுங்கப்பா."

வேலைக்கு முன் காலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்தேன். வாசிக்க வாசிக்க மேடையேறி, அரிசி மூட்டை தெரிந்த பெட்டிக்குள் போனார்கள். "சன்னாசி" என்றேன். அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவன் மனைவி ராக்காயி எழுந்து, "இருக்காரு ஐயா" என்று அவன் அரிசியை வாங்கப் பெட்டிக்குள் போனாள். பெரட்டில் புருஷனுக்காகப் பெண்சாதி குரல் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அன்றைய கூலி போகக்கூடாதே என்று நானும் கண்டும் காணாமல் விடுவேன்.

சிப்பாய்கள் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுக் கதவை இழுத்தபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"கிராணி ஐயா, நான் அவருக்காகத்தானே சொன்னேன். கைப்புள்ள லயத்துல கெடக்கு. பால் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்யா."

கதவைப் பிடித்திருந்த சிப்பாய் என்னைப் பார்த்தான். ஒரு சொல் போதும், இறக்கிவிட்டிருப்பான். அதிகாரியும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். ஆனால் திறப்பு நாளிலேயே ஓர் ஆள் குறைவது மண்டபத்துக்கு அழகில்லை. "சாத்து" என்றவன் நான்தான்.

லயத்தில் அந்தக் குழந்தையின் அழுகை நான்காம் நாள் நின்றது. அன்றே சன்னாசிக்குச் சேரவேண்டிய ஒரு படி அரிசியை நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். அவன் கை நீட்டவில்லை. காய்ச்சல்காரர்களிடம் நன்றியை எதிர்பார்க்கக்கூடாது.