வேட்பாளருக்கு வைத்த மொய்

சிவாஜிநகரில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எலெக்‌ஷன்ல நிக்கறவருக்கு நான் மொய் வெச்சேன்டி."

சொன்னவர் மடியில் துணிப்பை வைத்திருந்த ஒரு தையல்கார அம்மா. பக்கத்தில் இருந்த இளையவள் சட்டென்று திரும்பினாள்.

"என்னக்கா சொல்றீங்க? அவங்கதானே நமக்குக் குடுப்பாங்க?"

"அதான் அதிசயம். நம்ம வார்டுல நிக்கற வக்கீல், எலெக்‌ஷன் செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபா அனுப்புங்கன்னு போன்ல வீடியோ போட்டிருந்தார். பத்தோட முடிக்கக் கூடாதேன்னு பதினொண்ணா அனுப்பிட்டேன்."

"அய்யோ! அப்புறம்?"

"சாயங்காலம் லைவ்ல வந்தார். மேடை இல்ல, மைக் செட் இல்ல. பணம் அனுப்பினவங்க பேரை மொய் வாசிக்கற மாதிரி வாசிச்சார். முதல்ல துபாய்ல இருக்கற நம்ம தெருக்காரர் பேரைப் படிச்சார். அடுத்து, 'ஆஸ்டின் டவுன் ஸ்டெல்லா அம்மா, பதினோரு ரூபா'ன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

"பதினோரு ரூபாய்க்கா!"

பஸ் கிளம்பியது. ஸ்டெல்லா அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேலே பேசினார்.

"போன தடவை நின்னு ஜெயிச்சவர் புடவை குடுத்தார், வாங்கிட்டோம். அஞ்சு வருஷமா சாக்கடை வீட்டுக்குள்ள வந்தும் கேக்க வாய் வரல. இப்போ என் காசு அங்க போயிருக்கு. அவர் ஜெயிக்கட்டும், முதல் ஆளா போய் நிப்பேன்."

இளையவள் தன் போனை அவரிடம் நீட்டினாள்.

"எப்படி அனுப்பறதுன்னு காட்டுங்கக்கா. எங்க சந்துலதான் சாக்கடை ஜாஸ்தி. நான் இருபத்தொண்ணா போடறேன்."